எதிர்ச்சாரி ஓட்டு

"சைபர். உன் பொண்டாட்டியோட நாடு நம்ம த்ரீனுவுக்குப் போட்டது சைபர். நல்லா கண்ணைத் தொறந்து பாருடா."

சல்மே கைபேசியை மகனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். உர்மாஸ் கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

"ஞாயித்துக்கிழமை காலையில நிம்மதியா சாப்பிட விடும்மா. அது பாட்டுப் போட்டி. போருக்கா போயிட்டு வந்தோம்?"

"உனக்கு என்னடா தெரியும்?"

ஐரோப்பா முழுக்க உட்கார்ந்து பார்க்கும் போட்டி அது. நேற்று எஸ்டோனியாவுக்காக மேடையேறியவள் அடுத்த தெரு பேக்கரிக்காரர் மகள் த்ரீனு. இந்தச் சின்ன ஊரிலிருந்து ஒருத்தி அந்த மேடைக்குப் போனது இதுதான் முதல் தடவை. சல்மே தேசியக் கொடியின் மூன்று நிறத்திலும் கம்பளிச் சால்வை பின்னிப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் லாட்வியா ஒரு படி மேலே, த்ரீனு ஒரு படி கீழே.

அந்தப் போட்டியில் யாரும் சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது. ஓட்டு கைபேசி வழியாகத்தான்; எந்த நாட்டு நம்பரோ, அந்த நாட்டுக் கணக்கு. ஆனால் இந்த ஊருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எல்லைக்கோடு தெருவின் நடுவில் ஓடுகிறது. இந்தச் சாரி எஸ்டோனியா, எதிர்ச்சாரி லாட்வியா. எதிர்ச்சாரியில் பெண்ணெடுத்த வீடுகளில் வருஷா வருஷம் ஒரு ஏற்பாடு உண்டு. மருமகள் தன் லாட்வியாக் கைபேசியிலிருந்து எஸ்டோனியாவுக்குப் போடுவாள். பதிலுக்கு மாமியார் லாட்வியாவுக்குப் போட்டுவிடுவாள்.

"நான் பேச்சுத் தவறல. கட்டைவிரல் நோக நோக அவங்க ஆளுக்குப் போட்டேன். இவ என்ன பண்ணா? த்ரீனு பாட்டு முடிஞ்சதும் போனைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போனா. என்னடின்னு கேட்டா, 'போட முடியல அத்தை'ங்கிறா. போட முடியலையா, போட மனசு வரலையா?"

"அவ ஒருத்தி ஓட்டுல என்னம்மா மாறிடப் போகுது?"

"எனக்குக் கணக்கு சொல்லாத. என் வீட்டு ஓட்டு எங்க போச்சு? அதைச் சொல்லு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ கனைத்தார்கள். எதிர்வீட்டு வல்டிஸ், தன் நாட்டுக் கொடியை வேலியில் கட்டிக்கொண்டிருந்தான்.

"சல்மே அக்கா, ரொம்ப நன்றி. உங்க ஓட்டுதான் எங்களைத் தூக்கி விட்டுச்சு. ஆமா, உங்க பாட்டு முடிஞ்சிருச்சா? எஸ்டோனியாக்காரங்கதான் எதையும் மெதுவாச் செய்யற ஆளுங்களாச்சே, இன்னும் பாடிக்கிட்டு இருக்காங்களோன்னு கேட்டேன்."

"போடா, ஆறு விரல் காலா."

ஜன்னல் கதவு படீரென்று சாத்திக்கொண்டது. லாட்வியாக்காரர்களுக்குக் காலில் ஆறு விரல் என்பது இந்தச் சாரியின் பழைய கேலி. மற்ற நாளாயிருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

அந்த நேரம் பார்த்தா மருமகள் பைபா உள்ளே வரவேண்டும்? பாவம், கையில் மூடிபோட்ட கிண்ணம். எதிர்ச்சாரியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாள்.

"என்ன, ஜெயிச்ச விருந்தா?" என்றாள் சல்மே.

"அம்மா பன்னு சுட்டாங்க. உங்களுக்குப் பிடிக்குமேன்னு..."

"எனக்கு வேண்டாம். ஏழு வருஷமா இந்த வீட்டு ரொட்டியத் தின்ன. ஒரே ஒரு ராத்திரி எங்களுக்காக நில்லுன்னேன். அதுகூட முடியல உனக்கு."

"அத்தை, நான் நேத்தே சொல்ல வந்தேன். நீங்கதான் அறைக் கதவைச் சாத்திக்கிட்டீங்க."

"என்ன சொல்லப் போற? பொறந்த நாடு பெரிசுன்னு சொல்லப் போற. சரி, அங்கேயே இருந்துக்க. துணிமணிய எடுத்துக்க. ரயிலா பிடிக்கணும்? தெருவைத் தாண்டினா உன் நாடு."

"அம்மா..." உர்மாஸ் கத்தியைக் கீழே வைத்தான்.

"நீ பேசாத. இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அவ இருக்கணும். இன்னிக்கே தெரிஞ்சாகணும்."

 பைபா கிண்ணத்தை மேசையில் வைத்தாள். தன் கைபேசியைத் திறந்து மாமியார் முன்னால் தள்ளினாள்.

சல்மே கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். பைபா அனுப்பிய ஓட்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாமே த்ரீனுவுக்கு. ஒன்றுகூட மாறிப் போகவில்லை.

"இதென்னடி? நமக்குத்தானே போட்டிருக்க?" குரல் இறங்கிவிட்டது. "அப்புறம் ஏன் முடியலைன்ன?"

"பிப்ரவரியில பனியில வழுக்கி விழுந்தீங்கல்ல. விறகுக் கொட்டகைகிட்ட அவ்வளவு நேரம் கெடந்தும் எனக்கு ஒரு போன் பண்ணல. ஏன் அத்தைன்னு கேட்டதுக்கு, 'என் வீட்டு மருமகளைக் கூப்பிட நான் வெளிநாட்டு நம்பரை அமுக்கணுமா'ன்னீங்க. மறுநாளே என் பழைய நம்பரை விட்டுட்டு எஸ்டோனியா நம்பர் வாங்கினேன். உங்க போன்ல என் பேருக்கு நேரா அதைத்தான் போட்டு வச்சிருக்கேன். நேத்து ஓட்டு அனுப்புற வரைக்கும் எனக்கே இது உறைக்கல."

சல்மே மறுபடியும் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு ஓட்டுக்குக் கீழேயும் போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து ஒரே பதில்தான் வந்திருந்தது:

'மன்னிக்கவும். உங்கள் சொந்த நாட்டுக்கு நீங்கள் ஓட்டுப் போட முடியாது.'