திங்கட்கிழமைத் தாள்

“இன்னைக்கு எனக்குச் சந்திராஷ்டமம். இருதய ஆபரேஷன் வேண்டவே வேண்டாம்” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அடம்பிடித்தாள் சொர்ணலட்சுமி.

சிவகாசியில் காலண்டர் அச்சடித்துக்கொண்டே, பஞ்சாங்கம் அத்தனையும் புருடா என்று முப்பது வருஷமாக மேடைக்கு மேடை முழங்கும் அவள் கணவர் ஜெயச்சந்திரன், இன்றைய தேதித்தாளை நீட்டினார்.

“நம்ம காலண்டர்தான், நீயே பாரு. சந்திராஷ்டமம் உத்திரத்துக்கு. உன் சித்திரைக்கு இல்ல.”

வாங்கிப் படித்தாள். “அப்பச் சரி, போவோம்.”

தியேட்டருக்குள் நர்ஸ் அவள் விரலைத் துடைத்தாள். “என்னம்மா, கறுப்பா ஒட்டுது?”

“அச்சு மை, காயல. என் நட்சத்திரத்த மாத்தி விடியக்காலையில ஒத்தத் தாள் அடிச்சிருக்காக. எனக்காக அம்புட்டு இறங்கி வந்த மனுசனுக்காக நான் வராம இருக்க முடியுமா? அவுககிட்டச் சொல்லிறாதம்மா. ஜெயிச்சதாவே நெனச்சுக்கிட்டு வெளிய உக்காந்திருக்கட்டும்.”