இன்னும் சத்தமா!

"இன்னும் சத்தமா!" சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

கூடத்தில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நூலகர் தொண்டையைக் கனைத்தார். "வணக்கம்..."

"ஒண்ணும் கேக்கல! இருபது வருஷமா அலமாரிக்கு நடுவுல குசுகுசுன்னு பேசிப் பேசி, வீட்ல சண்டைகூடக் காதோரமாத்தான் போடுறீங்க!"

"பழகிடுச்சும்மா."

"முதல் இன்டர்வியூ மறந்துபோச்சா? பதிலெல்லாம் சரியாச் சொல்லியும், காதுல விழலன்னு வெளியே அனுப்பிட்டாங்க. அப்புறம் அஞ்சு வருஷம் வேலையில்லாம அலைஞ்சீங்க. இன்னிக்கும் வாயைத் திறக்காம வந்தீங்க, ஒரு வாரம் உங்ககூடப் பேசமாட்டேன்!"

"அப்பாடா, ஒரு வாரம் நிம்மதி" என்று முணுமுணுத்தார்.

"இது மட்டும் நல்லாக் கேட்டுச்சு!"

பத்து மணி. நூலகர் வேலைக்கான நேர்முகத் தேர்வு தொடங்கியது. நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் நூலகர்.

"நம்மகிட்ட இல்லாத புத்தகத்தை ஒருத்தர் வந்து கேட்டா என்ன செய்வீங்க?" என்றார் குழுத் தலைவர்.

பதில் முணுமுணுப்பாக வந்தது.

தலைவர் கோப்பை மூடினார். "காதுலயே விழல. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

நூலகர் எழுந்து நின்றார். ஒரு கணம் மனைவியின் குரல் காதில் ஒலித்தது.

"சார்!" ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. "எனக்கு ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு. பதில் ரொம்பச் சரி. அந்தப் பொண்ணை உட்காரச் சொல்லுங்க!"

வாசல்வரை போய்விட்ட இளம்பெண் திரும்பி, கண்கள் பனிக்கப் பார்த்தாள், தேர்வுக் குழுவின் புது உறுப்பினரான அந்த நூலகரை.