உள்ளே இருக்கும் ரப்பர்

“சிவப்புல இருக்கா பாய்?”

காருக்கு பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் வாங்க வந்த கடையில் என் மகள் ஜெமியின் அப்பா ஜெபசீலன் கேட்ட முதல் கேள்வி இது.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆம்பூர் பைபாஸ் காற்றில் வந்த தோல் நாற்றம் அதற்குக் காரணமில்லை. பதினோரு வருடமாக வேலூரில் நர்ஸாக இருக்கிறேன். நாற்றத்துக்கு அசைகிற மூக்கு இல்லை என்னுடையது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெமி சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்பா பிரேக்கை மிதித்தால் கால் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறதாம். இரண்டு மூன்று தடவை மிதித்தால்தான் வண்டி நிற்கிறதாம். எட்டு வயதுக்கு அது ஒரு வேடிக்கை.

வருகிற ஞாயிறு அதே வண்டியில் அவளை ஏலகிரிக்குக் கூட்டிப்போகிறான். பதினான்கு கொண்டை ஊசி வளைவு.

போன் மேல் போன் போட்டு, நானே நேரில் வந்து நின்றதால்தான் இந்தக் கடைக்காவது வந்திருக்கிறான்.

கடைக்காரர் சமீருல்லா பாய் பெரும்பாலும் தோல் பதனிடுகிற டேனரி மெஷின்களுக்கு ஹோஸ் செய்து கொடுப்பவர். சுவர் முழுக்கக் கறுப்புச் சுருள்கள். அதில் ஒன்றை இறக்கி, உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் தெரிகிற மாதிரி ஒரு துண்டு வெட்டிக் காட்டினார்.

“தோல் சீவுற மெஷினுக்கு இதான் சார் போடுறேன். இருநூறு கிலோ பிரஷர் தாங்கும். உங்க கார் பிரேக்கெல்லாம் இதுக்கு ஜுஜுபி.”

ஜெபசீலன் பல் குத்திக்கொண்டே தலையாட்டினான். குச்சியை வெளியே எடுத்து நுனியைப் பார்த்துவிட்டு மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டான். மேலே சிவப்பு உறை மாட்டித் தர முடியுமா என்று கேட்டான்.

இந்த ஊரில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. டேனரியில் தாங்குகிற சாமான் உலகத்தில் எங்கே போட்டாலும் தாங்கும் என்று நம்புவார்கள். தண்ணீர் மோட்டாரிலிருந்து பள்ளிக்கூட வேன் வரைக்கும் அந்தச் சாமான்தான் ஓடுகிறது.

துண்டை வாங்கிப் பார்த்தேன். வெளியே குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே விரலை விட்டேன்.

“உள்ள இருக்கிற ரப்பர் எதுக்கானது பாய்?”

“மெஷின் ஆயிலுக்கு சிஸ்டர். எதுவா இருந்தா இன்னா?”

நான் வேலை செய்வது புற்றுநோய் வார்டில். அங்கே ஒரு மருந்தைச் சாதாரண டியூபில் ஏற்றக் கூடாது. வெளியே பார்த்தால் டியூப் புதுசாகத்தான் தெரியும். உள்ளே அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மருந்தோடு நோயாளியின் உடம்புக்குள் போகும். அந்த மருந்துக்கென்றே தனி டியூப் வைத்திருக்கிறோம்.

“பிரேக் ஆயில் பட்டா இது தாங்குமான்னு கேட்டுச் சொல்லுங்க.”

பாய் நல்ல மனிதர். கோபப்படாமல் சென்னையில் யாருக்கோ போன் போட்டார். கேட்கக் கேட்க முகம் சுருங்கியது.

“உள்ள உப்பிடுமாம் சிஸ்டர். கொஞ்ச நாள் நல்லாத்தான் இருக்குமாம். அப்புறம் அடைச்சிக்குமாம். ரெண்டு வண்டிக்குப் போட்டுக் குடுத்துட்டேன், இன்னிக்கே கூப்ட்டு மாத்தணும்.”

“கொஞ்ச நாள்னா ஏலகிரி போய்ட்டு வந்துடலாம்ல?” என்றான் ஜெபசீலன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான். இந்த ஆளோடுதான் ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

பாய் கறுப்புச் சுருளை மறுபடியும் சுவரில் மாட்டினார். மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். காருக்கென்றே கம்பெனியில் செய்தது, உள்ளே பிரேக் ஆயிலுக்கு உப்பாத டெஃப்லான், வெளியே கம்பிப் பின்னல். நிறம் வெறும் சாம்பல். ஜெபசீலனுக்கு முகம் விழுந்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றான்.

முன் சக்கரம் இரண்டுக்கும் பாய் மாட்டினார். பழைய செம்பு வாஷரையே போடப் பார்த்தார், கசியும் என்று நான் விடவில்லை. ஸ்டியரிங்கை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பச் சொல்லி, தரையில் முட்டி போட்டு ஹோஸ் எங்காவது இழுக்கிறதா, உரசுகிறதா என்று பார்த்தேன். படுக்கையில் நோயாளி புரளும்போது ட்ரிப் டியூபை அப்படித்தான் பார்ப்போம்.

குழாய்க்குள் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு பாய் பிரேக்கை மிதித்தார். பெடல் பாதியிலேயே நின்றது. அப்போதுதான் மூச்சு விட்டேன்.

கழற்றிய ஹோஸைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நெடுக வெடிப்பு. ஒரு இடத்தில் நூல் பிதுங்கி, எண்ணெய் கசிந்து நாறியது.

“இதை வச்சிட்டு எப்படி ஓட்னாரு? வேணுமா சிஸ்டர், எடுத்துட்டுப் போறீங்களா?”

வேண்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து ஐந்து வரை ஜெமியை அவனோடு அனுப்ப வேண்டும் என்று கோர்ட் உத்தரவு போட்டு ஏழு மாதம் ஆகிறது. அவன் பொறுப்பில்லாதவன் என்று காட்ட ஒரே ஒரு அத்தாட்சி கொண்டு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமையை நிறுத்திக் காட்டுகிறேன் என்று ஒவ்வொரு வாய்தாவுக்கும் என் வக்கீல் சொல்கிறார்.

பாய் சாட்சிக்குக்கூட வருவார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே ஜெமி ஷூ மாட்டிக்கொண்டு அப்பாவுக்காக வாசல்படியில் உட்கார்ந்துவிடுவாள். சாப்பிடக்கூட உள்ளே வர மாட்டாள்.

“குப்பையில போட்டுடுங்க பாய்” என்று சொல்லிவிட்டு வேலூர் பஸ்ஸுக்கு நடந்தேன்.