எண்ணாமலே எண்ணியவன்

“பதினோரு நிமிஷமா! அதுக்குள்ள ஆடு குட்டியே போட்டுடும், கிளெனிஸ்!”

மேலாளர் ராய்ஸ் இப்படிச் சொன்னதும் ஆஸ்திரேலியாவின் டப்போ ஊர் செம்மறிப் பதிவகமே சிரித்தது. கிளெனிஸ் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக ஆட்டுக் கணக்கு அவள் பொறுப்பு. காதில் அடையாள வில்லை மாட்டிய ஒவ்வொரு ஆட்டுக்கும் கணினியில் ஒரு வரி. மொத்தம் ஏழு கோடி. தினமும் காலை டீ நேரத்தில் அவள் எழுதிய நிரல் ஒன்று விடாமல் எண்ணி முடிக்கப் பதினோரு நிமிஷம் எடுக்கும். அது முடியும்வரை மற்றவர்கள் திரையெல்லாம் ஆமையாக நகரும்.

சிட்னியிலிருந்து வந்த ஆலோசகன் டைசன் ஒரு பொத்தானைத் தட்டினான். கண் சிமிட்டுவதற்குள் விடை வந்தது. அவள் சொன்ன அதே எண். ஒரு ஆடுகூடக் குறையவில்லை!

“எண்ணாம எப்படிப்பா எண்ணின?”

“தொழில் ரகசியம், கிளெனிஸ். உங்க காலத்துல இதெல்லாம் ஏது?”

அவனுக்காகப் பவ்லோவா கேக் வெட்டினார்கள். கிளெனிஸுக்கு வந்த துண்டில் ஒரு ஸ்ட்ராபெரிகூட இல்லை. எல்லோரும் அதைக் கவனித்தார்கள்.

மறுநாள் டைசன் திரையைப் பூட்டாமல் சாப்பிடப் போயிருந்தான். கிளெனிஸ் எட்டிப் பார்த்தாள். காதுமடல் சிவந்தது. தன் நாற்காலிக்குத் திரும்பினாள். தோற்ற முகம் அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்து மேசைகள் முணுமுணுத்தன.

வெள்ளிக்கிழமை ராய்ஸ் வந்து நின்றார்.

“திங்கக்கிழமை அமைச்சர் வர்றாரு. அதுக்குள்ள உங்க பழைய நிரலைத் தூக்கிடுங்க. அப்புறம்... இங்க உங்களுக்கு வேற வேலை இல்ல. நீங்களும் வீட்டுல இருந்து ஓய்வெடுக்கலாமே?”

“பத்தொன்பது வருஷத்துக்கு இதான் மரியாதையா? சரி, நிரல் மட்டுமா, அதோட சேர்ந்தது எல்லாமா?”

“எல்லாம்தான்! துரும்புகூட மிஞ்சக் கூடாது.”

“எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தார். அவள் ஒரு துரும்புகூட விடாமல் துடைத்தாள்.

திங்கட்கிழமை அமைச்சரும் பண்ணைக்காரர்களும் கூடி நிற்க, டைசன் ஒய்யாரமாகப் பொத்தானைத் தட்டினான். கண் சிமிட்டுவதற்குள் விடை வந்தது.

பூஜ்யம்.

“ஏழு கோடி ஆடும் எங்கய்யா போச்சு?” என்று அமைச்சர் கத்தினார்.

“ஆடெல்லாம் பத்திரமா இருக்கு” என்றாள் கிளெனிஸ், தன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே. “தினமும் நான் எண்ணி முடிச்சதும் விடையைத் தனியா ஒரு இடத்துல குறிச்சு வைப்பேன். மேலாளர் எழுதிக் குடுத்தபடி அதையும் துடைச்சாச்சு. இந்தத் தம்பி எழுதின நிரல் மொத்தமே ஒரு வரிதான்: ‘கிளெனிஸ் குறிச்சு வச்சதை எடுத்துக் காட்டு.’”