முன்னால் ஓடாத பன்னிரண்டு பேர்

விசில் ஊதி ஐந்து விநாடி ஆகியும் கோட்டைத் தாண்ட ஆள் இல்லை.

உப்பளம் மைதானத்தில் காவலர் தேர்வு. எண்ணூறு மீட்டர், இரண்டு சுற்று. இரண்டு நிமிடம் ஐம்பது விநாடிக்குள் முடிக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர்.

சிலம்பரசனுக்கு இது கடைசி வாய்ப்பு. அடுத்த தேர்வு வருவதற்குள் வயது தாண்டிவிடும். ஏற்கெனவே நான்கு முறை தோற்றவன்.

இந்த முறை தெளிவாக வந்திருந்தான். சென்னையில் இரண்டு வருடம் பந்தயக் குதிரைகளைக் குளிப்பாட்டியவன் அவன். கெட்டிக்காரக் குதிரை ஆரம்பத்தில் முந்தாது. முன்னால் போகிற குதிரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். காற்றை அது வாங்கட்டும், மூச்சை நாம் மிச்சம் பிடிப்போம் என்று ஓடும். வேகமெல்லாம் கடைசி வளைவில்தான்.

ஆகவே தடியன் காத்தவராயனின் முதுகைத் தேர்ந்தெடுத்துக் காத்திருந்தான்.

காத்தவராயனோ ஒதுங்கி வழிவிட்டான்.

"நீங்க முன்ன போங்க, நான் பின்னாடியே வர்றேன்."

வெறுங்காலில் நின்ற ஒருவன் குனிந்து ஷூ கயிறு கட்டினான்.

ஒருவழியாகப் பன்னிரண்டு பேரும் சேர்ந்தே கிளம்பினார்கள். அரையடி முன்னால் போய்விட்டவன் பதறிப்போய்ப் பின்வாங்கினான். முதல் சுற்று முடியவே ஒரு நிமிடம் நாற்பத்தைந்து விநாடி. அதிகாரி தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

சிலம்பரசனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

இப்படியே போனால் பன்னிரண்டு பேரும் வீட்டுக்குத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தான்.

கடல்காற்று முழுவதையும் அவன் நெஞ்சே வாங்கியது. பின்னால் பதினொரு பேர் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவனுக்கும் மூச்சிரைக்கவில்லை.

கடைசி வளைவில் ஒருவர் பின் ஒருவராக அவனைத் தாண்டிப் போனார்கள்.

பதினொரு பேரும் தேறினார்கள். சிலம்பரசன் இரண்டு நிமிடம் ஐம்பத்தொரு விநாடி.

புல்லில் மல்லாந்து கிடந்தவனின் காலைத் தொட்டு ஒவ்வொருவராகக் கும்பிட்டார்கள். யாரப்பா இவர் என்று அதிகாரி கேட்டார்.

காத்தவராயனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்க மாஸ்டர் சார். ஆறு மாசமா பீச்சுல எங்க எல்லாருக்கும் இவருதான் ட்ரெய்னிங். ஒன்னாத்தான் அப்ளை பண்ணோம். அந்தக் குதிரை டெக்னிக்க மட்டும் யாருக்கும் சொல்லாம எனக்குத் தனியா சொல்லிக்குடுத்தாரு."

மற்ற பத்துப் பேரும் சிலம்பரசனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை.