கண்ணாடித் தட்டில் தாலாட்டு

ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டு ஒன்றில் உடம்பை நோயிலிருந்து காக்கிற ஒரு காவல் செல் இருந்தது. யார் வந்தாலும் முகத்தைத் தடவிப் பார்த்து, கெட்டவன் என்றால் கடித்துக் கொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதைக்கூட அது உருப்படியாகச் செய்யவில்லை.

காரணம், பக்கத்தில் குடிவந்த செல். "மாமா, எவ்வளவு அலைச்சல் உங்களுக்கு! கொஞ்சம் படுங்க. என் முகம் எங்கே ஓடிடப் போகுது? அப்புறம் தடவிக்கலாம்."

சொல்லிவிட்டுத் தாலாட்டுப் பாடும். காவல் செல்லும் கண்ணை மூடிவிடும். தினமும் இதே கதை.

ஒருநாள் மேலேயிருந்து ஒரு சொட்டு விழுந்தது. தும்மலுக்கும் அரிப்புக்கும் மனிதர்கள் போடுகிற மாத்திரையைக் கரைத்த தண்ணீர். அது காவல் செல்லின் காதை அடைத்துவிட்டது. பாட்டு கேட்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் ஒருத்தன் இல்லை, நூறு பேர். எல்லாருக்கும் ஒரே முகம். எல்லா வாயும் சத்தமில்லாமல் பாடிக்கொண்டிருந்தன.

காவல் செல் முதல்முறையாக அந்த முகத்தைத் தடவியது. புற்றுநோய் செல்.

"என்ன மாமா, இன்னுமா தூங்கல?" என்று நூறு வாயும் ஒன்றாக அசைந்தன.

காவல் செல் முதல் ஆளைக் கடித்தது. மீதி தொண்ணூற்றொன்பதும் பாட்டை நிறுத்தவே இல்லை.