உப்புக்கு இரண்டு வீடு

“இந்த ஆளை முதல்ல வெளியே போகச் சொல்லுங்க டாக்டர். என் பூனைக்கு விஷம் வச்சவர் முன்னாடி நான் பேச மாட்டேன்.”

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் அவள். பூனைக்கூடையை அவள் கால்நடை டாக்டரின் மேசைமேல் வைத்த வேகத்தில், அறைக்கு வெளியே காத்திருந்த நாய் ஒன்று குரைக்கத் தொடங்கியது.

“விஷம் இல்லம்மா, மருந்துன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டேதானே வர்றேன்,” என்றார் பின்னாலேயே வந்த மாடிவீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

“தலைவலின்னு இன்னிக்கு மதியமே வீட்டுக்கு வந்தேன் டாக்டர். பார்த்தா, இவரு மாடிப்படியில உக்காந்து உப்போட வாயைப் பிளந்து எதையோ திணிச்சுக்கிட்டிருக்காரு.”

“உப்பா? அவன் பேரு மேனேஜர்.”

“என் பூனைக்குப் பேரு வைக்க நீங்க யாரு?”

“ரெண்டு பேரும் நிறுத்துங்க,” என்றார் டாக்டர். “என்ன மாத்திரை அது?”

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினார். மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்த டாக்டரின் முகம் சிவந்தது.

உப்புக்கு வந்திருந்தது, பூனைகளைக் கொல்லும் ஒரு வைரஸ் நோய். முன்பெல்லாம் அது வந்தால் பிழைப்பதே அபூர்வம். இப்போது மாத்திரை இருக்கிறது. எண்பத்துநான்கு நாள், தினமும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். அதைத்தான் டாக்டர் எழுதித் தந்திருந்தார். அன்று அறுபத்திரண்டாவது நாள். மெக்கானிக்கின் டப்பாவில் இருந்ததும் அதே மாத்திரைதான்.

“இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

“எங்க அக்கா பூனைக்கு வாங்கினது சார். அது பாதியிலேயே போயிடுச்சு. மிச்சத்தை நான் வச்சிருந்தேன்.”

“எத்தனை நாளா குடுக்கறீங்க?”

“நாப்பது நாள் இருக்கும். மதியம் ரெண்டு மணிக்கு ஒண்ணு.”

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “நான் காலைல எட்டு மணிக்கு ஒண்ணு குடுக்கறேனே.”

டாக்டர் எழுந்தே விட்டார். “மருந்துன்னா மிட்டாயா? எடை பார்த்து, ரத்தம் பார்த்து, யோசிச்சு எழுதறோம். நீங்க பாட்டுக்குப் பையிலேருந்து எடுத்துப் போடுவீங்களா? கிட்னி போயிருந்தா யார் பதில் சொல்றது?” பிறகு அவள் பக்கம் திரும்பினார். “நாப்பது நாளா உங்க பூனை இன்னொரு வீட்டுல மருந்து சாப்பிடுது. உங்களுக்குத் தெரியலை. என்னம்மா வளர்க்கறீங்க?”

கூடையைத் திறந்து ரத்தம் எடுத்தபோதும் அவர் முகம் கடுகடுவென்றே இருந்தது. பரிசோதனை முடியும்வரை வெளியே காத்திருக்கச் சொன்னார். அரை மணி நேரமும் இருவரும் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள்.

“கழுத்துல ஒரு பட்டை கட்டியிருக்கக் கூடாதா? தெருப் பூனைன்னுதான் நான் நினைச்சேன்.”

“தெருப் பூனை இப்படியா பளபளன்னு இருக்கும்?”

“பகல் பூரா என் கட்டில்லதானே தூங்கறான்.”

அவளுக்குச் சுருக்கென்றது. “கட்டில்லயா? எங்க வீட்டுல கட்டில் பக்கமே வர மாட்டானே.”

நர்ஸ் உள்ளே கூப்பிட்டாள். டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். பூனையைத் தூக்கித் தரையில் விட்டார். அது நேராக நடந்து போய் ஜன்னல் திண்டில் தாவி உட்கார்ந்தது.

“கிட்னி, ஈரல் எல்லாம் நல்லா இருக்கு,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “இதுக்கு இந்த நோய்தான்னு நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“படியேற முடியலை சார் அவனால. பின்னங்கால் ரெண்டும் இழுத்துக்கிச்சு, தலை ஒரு பக்கமா ஆடிச்சு. அக்கா பூனையும் கடைசியில இப்படித்தான் ஆடிச்சு. அதான் மனசு கேக்காம ஆரம்பிச்சேன். பத்து நாள்ல நிமிர்ந்துட்டான்.”

“தலை ஆடினதை நானும்தான் பார்த்தேன்,” என்றாள் அவள். “அன்னிக்கே போன் பண்ணிக் கேட்டேனே டாக்டர்.”

டாக்டர் உப்பின் கோப்பைப் புரட்டினார். இருபத்திரண்டாம் நாள் பக்கத்தில் அவருடைய கையெழுத்திலேயே இரண்டு வரி இருந்தது. அதிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

அவளுக்குக் கோபம் தணியவில்லை. “நல்லா இருந்தா மட்டும் விட்டுடறதா? இவர் மேல நான் போலீஸ்ல கம்ப்ளெயிண்ட் குடுக்கப் போறேன். பூனைக்குத் தப்பான அளவுல மருந்து போயிருக்குன்னு நீங்க எழுதிக் குடுங்க டாக்டர்.”

“எழுதித் தர்றேன்மா,” என்றார் டாக்டர், கோப்பை அவள் பக்கமாகத் திருப்பி வைத்து. “நோய் மூளைக்கு ஏறிட்டா தினம் ரெண்டு மாத்திரை போனாத்தான் பிழைக்கும், ‘வெறும் சோர்வுதான், ஒண்ணே போதும்’னு தப்பான அளவு சொன்னது நான்.”